இருக்கிற ஸ்லைடிங் கேட்டுக்கு மோட்டார்: கேள்வி பதில்

கே: கேட் 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், 2 மி.மீ. தகடு அடித்தது. எத்தனை கிலோ மோட்டார் வாங்கணும் சார்?

ப: எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். 2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ. உங்களுடையது 7.2 சதுர மீட்டர், ஆக 113 கிலோ. சட்டம் 50×50 சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு 3 கிலோ. சுற்றுச் சட்டமும் நடுவில் மூன்று குத்துச்சட்டமும் சேர்த்து 17 மீட்டர், 51 கிலோ. சக்கரம், பூட்டு எல்லாம் சேர்த்தாலும் 175 கிலோவுக்குள் அடங்கும். மோட்டாரில் போட்டிருக்கும் கிலோ, மட்டமான டிராக்கில் நல்ல சக்கரத்தில் ஓடும் கேட்டுக்கானது. அதனால் எடையைப் போல இரண்டு மடங்கு பாருங்கள்: 400 கிலோ, கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த அளவு.

வாங்குமுன் ஒரு சோதனை. பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசைக் கேட்டில் மாட்டி மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். கிளம்பும்போது முள் கொஞ்சம் எகிறும், அதை விடுங்கள். ஓட்டத்தில் 10 கிலோவுக்குள் காட்டினால் நல்ல கேட். 20 காட்டினால் சக்கரத்தில் பேரிங் போயிருக்கும், டிராக் வளைந்திருக்கும், இல்லையென்றால் மேலே கேட் சாயாமல் பிடிக்கும் கைடு ரோலர் இறுக்கிப் பிடிக்கும். அதைச் சரிசெய்யாமல் பெரிய மோட்டார் போட்டால், கெட்ட கேட்டை முரட்டுத்தனமாக இழுக்கும், அவ்வளவுதான்.

இரண்டு முனையிலும் ஸ்டாப்பர் (கேட்டைத் தடுத்து நிறுத்தும் முட்டு) இருக்கிறதா என்றும் பாருங்கள். லிமிட் சுவிட்ச் (முனை வந்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) ஸ்டாப்பர் ஆகாது. ஒருநாள் அது வேலை செய்யாமல் போனால் கேட் கைடு ரோலரைத் தாண்டி ஆள்மேல் சாயும்.

கே: அடித்தளம் எவ்வளவு ஆழம் வெட்டணும்?

ப: 40×30 செ.மீ., ஆழம் 30 செ.மீ. கான்கிரீட் தரைமட்டத்துக்கு மேல் 5 செ.மீ. நிற்கட்டும், மழைத்தண்ணீர் மோட்டாருக்குள் ஏறாது. கான்கிரீட் போடும் முன்பே இரண்டு பைப் புதைத்துவிடுங்கள். ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று சென்சார், சுவிட்ச் ஒயர்களுக்கு. இரண்டையும் ஒரே பைப்பில் விடாதீர்கள். ஒயர் இழுத்து முடித்ததும் பைப் வாயை அடையுங்கள். எறும்பு அந்த வழியாகத்தான் மோட்டாரின் கன்ட்ரோல் போர்டில் போய்க் குடியேறும். மின் இணைப்புக்குத் தனி எம்சிபி (ஓவர்லோடில் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவில் விழும் சுவிட்ச்), எர்த். மூன்றில் ஒன்றும் குறையக் கூடாது.

கே: ரேக்கை (கேட்டில் மாட்டும் பல் பட்டை) நேராகக் கேட்டிலேயே வெல்டிங் அடித்தால் என்ன? போல்ட் போட்டால் அதிர்வில் கழன்றுவிடும்.

ப: செய்யாதீர்கள். ரேக்கின் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் வில்லாக வளையும். வழக்கமான மாட்யூல் 4 (பல்லின் அளவு) ரேக்கில் பல்லுக்குப் பல் 12.57 மி.மீ. ரேக் துண்டுகள் சேரும் மூட்டில் அது ஒரு மி.மீ. மாறினாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் ‘டக்’ என்று அடிக்கும்.

கேட்டில் வெல்டிங் அடிக்க வேண்டியது புஷ் (ரேக்கைத் தாங்கும் சிறு இரும்புத் துண்டு) மட்டும்தான். ரேக் அதன்மேல் எம்8 போல்ட்டில் நிற்க வேண்டும். கிளட்ச்சை (மோட்டாரையும் பினியனையும் இணைப்பது) விடுவித்து, கேட்டை முழுக்கத் திறந்து, முதல் துண்டைப் பினியன் (மோட்டாரின் பல்சக்கரம்) மேல் வைத்து ரசமட்டம் பாருங்கள். முதல் புஷ்ஷை அடித்து, கேட்டைக் கையால் நகர்த்தி, பினியனுக்கு நேராக வரவர அடுத்தடுத்த புஷ்களை அடியுங்கள். இரண்டு துண்டு சேரும் இடத்தில், 15 செ.மீ. ரேக் துண்டு ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பல்லோடு பல் கோத்த பிறகு போல்ட்டை முறுக்குங்கள். மூட்டு தப்பாது. எல்லாம் முடிந்ததும் போல்ட் நுழையும் நீள்துளையில் ரேக் முழுவதையும் ஒன்றரை மி.மீ. தூக்குங்கள். கேட்டின் பாரம் ஒருபோதும் பினியன்மேல் உட்காரக் கூடாது.

வெல்டிங் முடியும்வரை மோட்டார் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி வையுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் புள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கே: மோட்டார் விலை என்ன வரும்?

ப: கடையில் கேளுங்கள்.

கே (வெல்டிங் பற்றிக் கேட்டவர்): எங்கள் வெல்டர் பத்து வருஷமாக ரேக்கை நேராகத்தான் அடிக்கிறார். ஒன்றும் ஆகவில்லையே.

ப: ஆகாதது போலத்தான் இருக்கும். கேட் சக்கரம் தேயும், 2 மி.மீ. தேய்ந்தால் கேட் 2 மி.மீ. இறங்கும், நீங்கள் விட்ட ஒன்றரை மி.மீ. இடைவெளி காணாமல் போகும். போல்ட் என்றால் நீள்துளையில் மறுபடி தூக்கலாம், வெல்டிங்கில் முடியாது. அன்றிலிருந்து 175 கிலோவில் ஒரு பங்கு பினியன் தண்டின் பேரிங்மேல். பேரிங் போகும்போது மோட்டாரைத்தான் குறை சொல்வார்கள், ரேக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். போல்ட் கழலும் என்பது உண்மை. ஸ்பிரிங் வாஷர் போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை இறுக்குங்கள்.

கே (இன்னொருவர்): குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். கேட் இறங்கினால் மோட்டாரையே 2 மி.மீ. இறக்கிவிடலாமே?

ப: சரியான பாயின்ட். மோட்டாரின் அடித்தகட்டுக்குக் கீழேயும் நட்டு போட்டு, உயரம் மாற்றும்படி மோட்டாரை நிறுத்தியிருந்தால் இறக்கலாம். தகடு நேராகக் கான்கிரீட்டில் உட்கார்ந்திருந்தால் முடியாது. முடிந்தாலும் மூட்டுக் கோளாறுக்கு அது மருந்தில்லை.

கே (வெல்டிங்காரர்): அப்படியென்றால் நான் சொன்னது பாதி சரிதானே?

ப: கால்வாசி.

கே: 6 மீட்டர் கேட். எத்தனை கிலோ மோட்டார்?

ப: முதல் பதிலில் கணக்கு இருக்கிறது. தகட்டின் கனம் தெரியாமல் நீளத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

கே: ரேக்குக்குக் கிரீஸ் போடலாமா?

ப: வேண்டாம். மணல் ஒட்டி அரம்போல ராவும்.

கே: கரண்ட் போனால்?

ப: சாவி போட்டுக் கிளட்ச்சை விடுவித்துக் கையால் தள்ளலாம். அடிக்கடி போகும் இடமென்றால் 24 வோல்ட் டிசி மோட்டாரும் 12 வோல்ட் பேட்டரி இரண்டும் போடுங்கள். சரிவில் ஓடும் கேட்டுக்கு மோட்டாரே போடாதீர்கள்; கிளட்ச்சை விட்டதும் தானாக ஓடிவிடும்.

கே: வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். சென்சார் ஒன்று போதுமா?

ப: போதாது. போட்டோசெல்லை (ஒளிக்கதிர் மறிந்தால் கேட்டை நிறுத்தும் சென்சார்) 50 செ.மீ. உயரத்தில் வையுங்கள்; ஒரு மீட்டரில் வைத்தால் தவழும் குழந்தை அடியில் போய்விடும். அது என்சி (சாதாரணமாக மூடியிருக்கும்) தொடர்பில் இருக்கட்டும், ஒயர் அறுந்தாலும் கேட் மூடாது. போர்டில் விசை அளவைக் குறைத்து, எதிலாவது இடித்தால் திரும்பும்படி வையுங்கள். ஐரோப்பாவின் இஎன் 12453 தரவிதி, மூடும் கடைசி அரை மீட்டரில் இடிக்கும் விசைக்கு 400 நியூட்டனை எல்லையாக வைத்திருக்கிறது, கிட்டத்தட்ட 40 கிலோ. கம்பி கேட்டாக இருந்தால் உட்பக்கம் வலை அடியுங்கள். கம்பிக்குள் கைவிட்ட பிள்ளையின் முழங்கை தூணுக்கும் கம்பிக்கும் நடுவே மாட்டும். அந்த இடத்தைப் போட்டோசெல் பார்ப்பதில்லை. அப்புறம், ஸ்டாப்பர்.

கே: 500 கிலோ மோட்டார் என் கேட்டுக்குப் போதுமா அண்ணா?

ப: முதல் பதில்.

கே: மோட்டார் ‘ம்ம்’ என்கிறது, நகரவில்லை.

ப: ஏசி மோட்டார் என்றால் முதல் சந்தேகம் கெபாசிட்டர்மேல். கிளட்ச்சை விட்டுப் பாருங்கள். கேட் கையில் லேசாக ஓடினால் அதே மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் கெபாசிட்டர் மாற்றுங்கள். கையிலும் ஓடாவிட்டால் கோளாறு கேட்டில்.

கே: ரிமோட் 5 மீட்டருக்கு மேல் எடுபடவில்லை.

ப: 433 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஆன்டெனா ஒயர் 17 செ.மீ. நீளத்தில் நேராக நிற்க வேண்டும். உள்ளே சுருட்டிச் செருகியிருப்பார்கள்.

கே: லிமிட்டில் நிற்காமல் போய் ஸ்டாப்பரில் இடிக்கிறது.

ப: ஸ்டாப்பர் வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். லிமிட் காந்தத்தை 5 செ.மீ. உள்ளே தள்ளுங்கள். மோட்டார் நின்ற பிறகும் கேட் கொஞ்சம் உருளும்.

கே: தினமும் சாயங்காலம் மட்டும் கேட் மூட மறுக்கிறது. காலையில் சரியாக இருக்கிறது.

ப: ஒளியை வாங்கும் பக்கத்துப் போட்டோசெல் மேற்கே பார்த்து நிற்கிறதா? சாயும் வெயில் அதன் கண்ணில் விழுகிறது. அனுப்புவதையும் வாங்குவதையும் இடம் மாற்றி மாட்டுங்கள்.