டார்ச் அடித்துப் பயமுறுத்தினால் கண்ணாடியைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஆயா (பாட்டி) மூன்று மாதத்துக்கு முன் காலமானார். அவருடைய ஷோகேஸில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் மிதப்பதுபோல் மினுங்கும் கிண்ணம் ஒன்று, இளம்பச்சைத் தட்டு ஒன்று, கண்ணாடி மூடி போட்ட ஊதா நிற ஒயின் குடுவை ஒன்று இருக்கின்றன. கருமாதி முடிந்த வாரமே பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்தார். டார்ச் அடித்ததும் தட்டு பச்சையாக ஒளிர்ந்தது. "இது யுரேனியம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வைக்கக் கூடாது, மூன்றையும் சேர்த்து 1,500 ராண்டுக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுவோம்.

கண்ணாடியை உருக்கும்போது நிறத்துக்காகச் சிறிதளவு யுரேனியம் ஆக்சைடு சேர்ப்பது 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்துவந்த வழக்கம். பெரும்பாலான பொருள்களில் எடையில் 2 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அந்த யுரேனியம் கண்ணாடிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. வெளியே வரும் கதிர்வீச்சு மிகக் குறைவு. ஷோகேஸில் இருக்கும் தட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. அதில் ஊறுகாய், புளி, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பண்டங்களை ஊற வைக்காதீர்கள். தேய்ப்பதோ துளை போடுவதோ வேண்டாம். உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இவ்வளவுதான் கவனிக்க வேண்டியது.

யுரேனியக் கண்ணாடியை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் உண்டு. வந்தவருக்கு அது நன்றாகத் தெரியும். உங்களைப் பயமுறுத்தினால் விலை இறங்கும், அதற்குத்தான் அந்தப் பேச்சு. துக்க வீட்டைப் பார்த்து வந்து இப்படிப் பேசுகிறவர்களை எவ்வளவு கண்டித்தாலும் தகும்.

அந்த டார்ச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது சாதாரண டார்ச் அல்ல, புற ஊதா டார்ச். அதை வைத்து இரண்டு பக்கமும் ஏமாற்றலாம். விற்க வருகிறவர்களிடம் யுரேனியம் என்று பயம் காட்டுவார்கள். வாங்க வருகிறவர்களிடம் யுரேனியம் என்று சொல்லியே விலையை ஏற்றுவார்கள். புற ஊதா டார்ச்சில் ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்து இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது: 395 நானோமீட்டர், 365 நானோமீட்டர். கடையில் மலிவாகக் கிடைப்பது 395. யுரேனியம் இருந்தால் இரண்டிலுமே பளிச்சென்ற பச்சை தெரியும். ஆனால் பழைய காலத்து நிறமற்ற கண்ணாடியில் மாங்கனீஸ் கலந்திருப்பார்கள். மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சை நிறம் தந்துவிடும், அதை மறைப்பதற்காக. இந்த மாங்கனீஸும் 365 டார்ச்சில் மங்கலான பச்சையாக ஒளிரும். 395-இல் பெரும்பாலும் ஒளிராது, ஒளிர்ந்தாலும் தெரிந்தும் தெரியாமலும்தான். அதனால் சந்தையில் ஒருவர் 365 டார்ச்சை மட்டும் அடித்து "பாருங்கள், யுரேனியம்" என்றால் சாதாரணக் கண்ணாடிக்கு யுரேனிய விலை கேட்கிறார் என்று சந்தேகப்படுங்கள். 395 டார்ச்சையும் அடிக்கச் சொல்லுங்கள். அதில் ஒளி செத்துப்போனால் அது மாங்கனீஸ். அப்போதும் ஐயம் இருந்தால் கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியை வைத்துப் பார்க்கலாம், அது தீர்த்துச் சொல்லிவிடும்.

வீட்டில் நீங்களே பார்ப்பதானால் அறையை நன்றாக இருட்டாக்குங்கள். 395 டார்ச்சை ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். டார்ச்சின் ஊதா வெளிச்சம் எந்தக் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தட்டின் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடியின் உள்ளிருந்தே எலுமிச்சைப் பச்சை எழும்பினால்தான் யுரேனியம். இன்னொன்று, ஒளிர்வது பழமைக்குச் சாட்சி ஆகாது. யுரேனியக் கண்ணாடி அண்மைக் காலத்திலும் செய்யப்பட்டிருக்கிறது. உண்மையில் அந்த டார்ச் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கத்தான். உடைந்து ஒட்டியிருந்தால் பல பசைகள் பால்வெள்ளையாகவோ நீலமாகவோ கோடு போட்டதுபோல் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆரஞ்சுக் கிண்ணத்தைக் கார்னிவல் கண்ணாடி என்பார்கள். அச்சில் அழுத்திச் செய்து, சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் இந்த மினுமினுப்பு வரும். அமெரிக்காவில் 1907, 1908 வாக்கில் ஃபென்டன் நிறுவனம் தொடங்கி வைத்தது. கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அடிப்பாகத்தில் மினுக்கம் படாத இடத்தின் வழியாகப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் கண்ணாடியின் சொந்த நிறம். நிறமற்றதாக இருந்தால் உங்களுடையது 'மாரிகோல்ட்', எல்லாவற்றிலும் அதிகமாகக் கிடைக்கும் வகை. தனி ஒரு கிண்ணமாகச் சில நூறு ராண்டைத் தாண்டுவது அரிது. உள்ளேயே சிவப்பாக இருந்தால் கதை வேறு, உடனே நல்ல ஆளிடம் காட்டுங்கள்.

அடியில் நீள்வட்டத்துக்குள் ஃபென்டன் என்று எழுதியிருந்தால் அது 1970 வாக்கிலோ அதற்குப் பின்னோ வந்தது, அதற்கு முந்தியவற்றில் பெயர் கிடையாது. ஜெயின் என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் இந்தியாவில் ஃபிரோசாபாத் ஊரில் செய்தது. இந்தியாவிலிருந்து வந்த பெட்டிகளில் இந்த ஜெயின் டம்ளர்கள் நம் வீடுகளுக்கும் வந்திருக்கலாம். மினுக்கம் மெல்லியதாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள், இவற்றைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து, விரல் நகத்தை விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். சில்லு போன விளிம்பைச் சாணை பிடித்துச் சமப்படுத்தி விற்பது பழைய தந்திரம். கார்னிவலில் இதை மறைப்பது கடினம். சாணை பட்ட இடத்தில் மினுக்கம் போய் அடிக்கண்ணாடி வெறுமையாகத் தெரியும், அலை அலையான விளிம்பானால் அந்த அலை மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கும். அடிப்பாகத்து வளையத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். பல ஆண்டு பலகையில் உட்கார்ந்த கண்ணாடியில் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக, ஆழம் மாறி மாறி இருக்கும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

ஊதாக் குடுவையை "வெயிலில் ஊதாவான அரிய கண்ணாடி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாங்கனீஸ் கலந்த கண்ணாடி ஊதாவாக மாறப் பல ஆண்டுகள் திறந்தவெளியில் வெயில் குடிக்க வேண்டும். வறண்ட கரூ நிலப்பகுதியில் அப்படிக் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் வெளிறிய ஊதாதான். வீட்டுக்குள் இருந்த குடுவை அடர்ந்த ஊதாவாக இருந்தால் அது செய்யும்போதே நிறம் கொடுத்தது, அல்லது கதிர்வீச்சுப் பாய்ச்சி நிறத்தை அடர்த்தியாக்கியது. போயர் போர்க்கால (1899–1902) குப்பைமேடுகளில் தோண்டிய பாட்டில்களை வாங்கவே வாங்காதீர்கள். 1999-ஆம் ஆண்டின் மரபுவளச் சட்டப்படி, நிலத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம்.

குடுவையின் மூடியைக் கழற்றி அதன் தண்டிலும் கழுத்திலும் சிறிய எண் கீறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றானால் மூடி அதனுடையதே. உள்ளே வெள்ளை படிந்திருந்தால் வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான நீரும் சரிபாதி கலந்து ஓரிரவு ஊற்றி வையுங்கள். பொன்பூச்சு இருந்தால் அதில் படவேண்டாம். சுண்ணாம்புப் படிவானால் போய்விடும். போகவில்லை என்றால் நீர் கண்ணாடியையே அரித்துவிட்டது, இனிக் கழுவித் தீராது. இப்படி நோய்ப்பட்ட கண்ணாடிக்குள் எண்ணெய் தடவித் தெளிவாகக் காட்டி விற்கிறார்கள். காகிதத்தைச் சுருட்டி உள்ளே துடைத்து முகர்ந்து பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் நினைத்தாலும் இன்றைக்கு விற்க முடியாது. ஆயாவின் பொருள்கள் அவருடைய எஸ்டேட்டை, அதாவது அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தை, சேர்ந்தவை. மரணத்தை 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். எஸ்டேட் 250,000 ராண்டுக்கு மேல் என்றால் நிர்வாகி நியமனக் கடிதம், அதற்குள் என்றால் அதிகாரக் கடிதம் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் யாரும் பிரிக்கவோ விற்கவோ கூடாது. அந்தக் கடிதம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. காகிதத்தைக் கொடுத்துவிட்டுக் குடும்பம் காத்துக்கிடக்கிறது, இடையில் அத்தை ஒன்றை எடுக்கிறார், மாமா ஒன்றை எடுக்கிறார், பக்கி என்னும் சிறு சரக்கு வண்டிக்காரர் மீதியை எடுத்துக்கொண்டு போகிறார். அலுவலகம் வேகமாக வேலை செய்தால் பாதி மோசடிக்கு இடமே இருக்காது. அதுவரை ஒவ்வொரு பொருளையும் அளவுகோலோடு சேர்த்து மூன்று படம் எடுங்கள்: முழுப்பார்வை, அடிப்பாகம், விளிம்பு.

அந்த ஆள் திரும்பி வந்தால் காவல்துறைப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய சாமான் வியாபாரி பதிவு செய்திருக்க வேண்டும், யாரிடம் வாங்கினார் என்று ஏட்டில் எழுதவும் வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான், ஆனால் தெருத்தெருவாக வருகிறவரை நிறுத்திக் கேட்பவர் யார்? நுகர்வோர் சட்டத்தில் 5 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வீட்டுக்கு வந்து விற்பவரிடம் வாங்குகிறவருக்கு. நீங்கள் விற்கிறவர், உங்களுக்கு அது உதவாது.

மதிப்பீடு செய்பவரே "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றால் அந்த மதிப்பீட்டைக் குப்பையில் போடுங்கள். இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏலத்துக்குக் கொடுப்பதானால் கழிவுகளை எழுத்தில் வாங்குங்கள். 1,000 ராண்டுக்கு ஏலம் போய், கமிஷன் 15 சதவீதம் என்றால் 150 ராண்ட். அதன்மேல் வாட் வரி 15 சதவீதம், 22.50 ராண்ட். கைக்கு வருவது 827.50. படம் எடுத்த கூலி, காப்பீடு என்று பிடித்தால் இன்னும் குறையும். உங்கள் கிண்ணம் மாரிகோல்ட் என்றால் அதற்கு ஏலம் கட்டாது, தட்டுக்கும் குடுவைக்கும் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கொண்டுபோகும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். வெறும் வெள்ளை டிஷ்யூ காகிதம் போதும். குடுவையின் மூடியைக் கழுத்தில் வைத்தபடி எடுத்துப்போக வேண்டாம், வழியில் ஆடிக் கழுத்தில் விரிசல் விழுந்துவிடும். கழற்றித் தனியாகச் சுற்றி அதே பெட்டியில் வையுங்கள்.