லென்ஸுக்குப் போக மிச்சம்தான் பாடிக்கு

கேள்வி: திருச்சியில் இறங்கும் விமானங்களைப் படம் எடுக்க ஆசை. கையில் 40 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. இதுதான் முதல் கேமரா. எதை வாங்கலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கடையில் முதலில் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா உடலைத்தான் கையில் கொடுப்பார்கள். நீங்கள் லென்ஸைக் கேளுங்கள். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸில் விமானம் கொசு அளவுக்குத்தான் விழும். 250 மி.மீ.யாவது வேண்டும். ஏர்பஸ் ஏ320-ன் நீளம் 37.57 மீட்டர். கேனன் 1500டி-யில் 250 மி.மீ. வைத்துப் பக்கவாட்டில் எடுத்தால், 420 மீட்டர் தள்ளிப் போகும் ஏ320 மூக்கிலிருந்து வால்வரை படத்தை நிரப்பிவிடும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் 2,500 பிக்சல் அகலத்துக்குக் கிடைக்கும். ஏ4 அளவில் பிரிண்ட் போட அது போதும்.

உங்கள் தொகைக்குப் புதுசைவிடப் பழசே நல்லது. நிக்கான் டி3500 பாடியோடு ஏஎஃப்-பி 70-300 விஆர் (கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி) லென்ஸ் ஒரு ஜோடி. கேனன் 1500டி-யோடு 55-250 எஸ்டிஎம் இன்னொரு ஜோடி. எங்கள் ஓட்டு நிக்கானுக்கு. இறங்கும் விமானம் நொடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர் ஓடும். 1500டி நொடிக்கு 3 படம் எடுப்பதால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விமானம் 23 மீட்டர் தாண்டிவிடும். டி3500 நொடிக்கு 5 எடுக்கும். இடைவெளி 14 மீட்டராகக் குறையும். சக்கரம் தரையைத் தொட்டுப் புகை கிளம்பும் அந்தக் கணம் சிக்குவதும் நழுவுவதும் இந்த வித்தியாசத்தில்தான்.

பழசு வாங்கும்போது ஏமாறும் இடங்கள் உண்டு. ஏஎஃப்-பி லென்ஸ் நிக்கானின் பழைய பாடிகளான டி3100, டி3200, டி5100, டி7000, டி90 ஆகியவற்றில் ஃபோகஸே ஆகாது. "நிக்கானுக்கு நிக்கான்தானே" என்று சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதே 70-300 லென்ஸ் விஆர் இல்லாமலும் வருகிறது, எழுத்தைப் படித்துப் பாருங்கள். கேனனில் 75-300 மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். அதில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லை. 300-ல் படம் மழுங்கி, வெள்ளை இறக்கையின் ஓரத்தில் ஊதாக் கோடு விழும்.

நம் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய பாடிகளில் பல கல்யாண ஸ்டூடியோவிலிருந்து வருபவை. நாலு முகூர்த்த சீசன் பார்த்த கேமரா வெளியே பளபளப்பாக இருந்தாலும் ஷட்டர் தேய்ந்திருக்கும். டி3500-ன் ஷட்டர் ஒரு லட்சம் கிளிக் வரை சோதிக்கப்பட்டது. அங்கேயே ஒரு படம் எடுத்து, திருத்தாத ஜேபெக் ஃபைலை வாங்கிக்கொள்ளுங்கள். நிக்கானில் எத்தனையாவது கிளிக் என்பது அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். 60 ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஃபோகஸை ஏஎஃப்-சி-யில் (நகரும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) வையுங்கள். ஷட்டர் 1/1000 நொடி, லென்ஸின் துளை எஃப்/8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400-ல் தொடங்கலாம். வெளுத்த வானத்தின் முன்னால் விமானம் கறுத்துப்போனால் எக்ஸ்போஷரை +0.7 ஏற்றுங்கள். காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறியதும் தார்த் தளத்துக்கு மேல் கானல் ஆடும். எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் விமானத்தின் எழுத்துகள் நெளியும். அதை எந்த மென்பொருளாலும் நேராக்க முடியாது.

திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தென்புறம் நின்றால் வெளிச்சம் விமானத்தின் மேல் விழும். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை வடபுறம். எந்தப் பக்கமானாலும் வளாகத்துக்கு வெளியே, பொது இடத்தில் நில்லுங்கள். காவலர் போகச் சொன்னால் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து வரும் ஏடிஆர் விமானத்தை எடுத்தால் புரொப்பெல்லர் அசையாமல் நிற்கிறது. பொம்மை மாதிரி இருக்கிறதே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஜெட்டுக்கு வைத்த 1/1000-லேயே எடுத்திருக்கிறீர்கள். ஏடிஆர் 72-ன் புரொப்பெல்லர் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,200 சுற்று, அதாவது நொடிக்கு 20. 1/1000-ல் அது 7 டிகிரிதான் திரும்பும். அதனால் உறைந்து நிற்கிறது. மொத்தம் ஆறு அலகுகள் (பிளேடுகள்), ஒன்றுக்கொன்று இடைவெளி 60 டிகிரி. 1/125-ல் 58 டிகிரி திரும்புவதால் அலகுகள் ஒன்றையொன்று தொட்டு முழு வட்டமாகத் தெரியும். 1/250 என்றால் பாதி விசிறி.

இவ்வளவு மெதுவான ஷட்டரில் கேமராவையும் விமானத்தோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். கால்களை அகட்டி ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்புங்கள். கிளிக் விழுந்த பிறகும் திரும்பலை நிறுத்தாதீர்கள். பத்தில் இரண்டு தேறினால் நல்ல நாள். கை பழக, ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸை எடுத்துப் பாருங்கள். இன்னொன்று: 1/125-ல் துளை எஃப்/11, எஃப்/16 என்று சுருங்குவதால் சென்ஸாரில் ஒட்டிய தூசி நீல வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். புளோயரால் காற்று மட்டும் அடியுங்கள், வாயால் ஊதாதீர்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் சுகோய் பறக்கும்போது எடுக்கலாமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: வேண்டாம். 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 படைப்பிரிவு இருக்கும் விமானப்படைத் தளம் அது. அரசு ரகசியச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடம். வயல் வரப்பில் நின்றாலும் தளத்தை நோக்கி லென்ஸைத் திருப்பாதீர்கள்.

கேள்வி: மழைக்காலம் முடிந்ததும் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பூஞ்சை. தோல் பையிலேயே மூடி வைத்திருப்பீர்கள். பை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கண்ணாடியின் பூச்சை அது அரிப்பதற்குள் பழுது பார்ப்பவரிடம் பிரித்துத் துடைக்கக் கொடுங்கள். அதன்பின் ரப்பர் வளையமுள்ள காற்றுப் புகாத டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி மூன்றும் வாங்குங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வெறும் வாணலியில் இளந்தீயில் வறுத்து, நன்றாக ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். அரிசியில் புதைத்து வைக்காதீர்கள், தவிட்டுத் தூள் ஜூம் வளையத்துக்குள் இறங்கிவிடும்.