கேளுங்க, சொல்றேன்: டப்பாவைத் தேடி ஊர் ஊரா

(பேக்கேஜிங் டிசைன் கடைசி வருஷம் படிக்கிற மாணவி ஒருத்தங்க இந்த வாரம் வாசகர்களுக்கு பதில் சொல்றாங்க.)

மதுரை வாசகி: என் பொண்ணும் டிசைன்தான் படிக்கிறா. பேக்கேஜிங் கோர்ஸ்வொர்க்னு சொல்லி மாசம் ஒரு ஊருக்கு பையைத் தூக்கிட்டு கிளம்பிடுறா, கேட்டா "ரிசர்ச்மா"ங்கிறா. இது படிப்பா, ஊர் சுத்தலா?

ரெண்டும்தான் ஆன்ட்டி, பொய் சொல்ல மாட்டேன். இறங்கின ஊர்ல நல்ல புரோட்டா கடை எதுன்னு விசாரிக்கிறதும் நடக்கும். ஆனா போகாம முடியாது. நான் கருப்பட்டிக்கு டப்பா பண்றேன்னு ஹாஸ்டல்ல உக்காந்து லேப்டாப்ல அழகா ஒரு சதுர டப்பா வரைஞ்சு, அட்டைல வெட்டி மடிச்சு எடுத்துக்கிட்டு உடன்குடி போனேன். அங்க பாத்தா பதநீரை காய்ச்சி சிரட்டைல ஊத்துறாங்க, அதனால கருப்பட்டி அரை உருண்டை, என் டப்பாவுல வச்சா நாலு மூலையும் காலி, உள்ள கடகடன்னு ஆடுது! சின்ன வயசுலருந்து கருப்பட்டி காப்பி குடிக்கிறவ நான், அதோட வடிவத்தை ஒரு நாளும் கவனிச்சதில்ல. ஓலைப்பெட்டி முடையிற ஒரு பாட்டி என் டப்பாவை திருப்பித் திருப்பி பாத்துட்டு "ஏ புள்ள, இதுக்குள்ள காத்து எப்படி போவும்?"னு கேட்டாங்க. அப்புறம் ரெண்டு கருப்பட்டியை எடுத்து தட்டைப் பக்கம் ஒட்டுற மாதிரி சேத்து வச்சாங்க, முழு உருண்டை ஆயிடுச்சு, அதை ஓலைக்குள்ள வச்சா ஆடவே இல்ல.

அவங்க திண்ணைலயே ரெண்டு நாள் உக்காந்து கத்துக்கிட்டேன். குருத்தோலையை காய வச்சு, ஈர்க்கை உரிச்சு, முடையறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு பதமாக்கணும், காஞ்சபடியே மடக்கினா படக்குனு முறிஞ்சிடும். நான் நாலு ஓலையை முறிச்ச பிறகுதான் அந்தப் பதம் கைக்கு வந்துச்சு. அதனால பொண்ணு போகட்டும் ஆன்ட்டி, வரும்போது என்ன பாத்தான்னு மட்டும் கேளுங்க, வாய் ஓயாம சொன்னா படிப்புதான்.

கோவில்பட்டி வாசகர்: சின்னதா கடலைமிட்டாய் போடுறோம். பிளாஸ்டிக் கவரே வேணாம், பேப்பர் டப்பாவுக்கு மாறிடலாம்னு பையன் சொல்றான். சரியா வருமா?

அண்ணாச்சி, உங்க ஊர் மிட்டாய் 2020-லயே புவிசார் குறியீடு வாங்கின சாமான், அதை நமுக்க விட்டா பாவம். வெல்லப்பாகு ஈரத்தை இழுக்கும், கடலைல இருக்கிற எண்ணெய் காத்து பட்டா காறிடும், வெறும் பேப்பர் இந்த ரெண்டையும் தடுக்காது. நான் மழை நாள்ல ஒரு சோதனை பண்ணேன், ஒரே மிட்டாயை பட்டர் பேப்பர்ல கொஞ்சம், அட்டை டப்பால கொஞ்சம், மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம். பட்டர் பேப்பர்ல இருந்தது மூணாம் நாளே கைல ஒட்டுச்சு, அட்டைல இருந்தது அதுக்கு அடுத்து, பாட்டில்ல இருந்தது மட்டும் கடிச்சா மொறுக்குனு சத்தம் வந்துச்சு. யோசிச்சு பாத்தா நம்ம பெட்டிக்கடை பாட்டில்தான் இருக்கிறதுலயே நல்ல பேக்கேஜிங், ஒரு பாட்டில் எத்தனையோ வருஷம் உழைக்குது, மிட்டாய்க்கு தனித்தனி கவரே கிடையாது. உள்ளூர் கடைக்கு அப்படியே குடுத்துட்டு காலி பாட்டிலை திரும்ப வாங்கிக்கோங்க. சென்னைக்கு, வெளிநாட்டுக்கு போறதுக்கு கவர் இல்லாம முடியாது, அங்க ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கவர் போடாம மொத்தமா ஒரே கவரா, அதுவும் ஒரே வகை பிளாஸ்டிக்ல பாருங்க. சிப்ஸ் பாக்கெட் மாதிரி பளபளன்னு பல அடுக்கு ஒட்டினது வேணாம், அந்த அடுக்கைப் பிரிக்க முடியாததால பழைய சாமான் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார்.

திருச்சி வாசகர்: டீக்கடை பேப்பர் கப் பேப்பர்தானே? அதை ஏன் எல்லாரும் திட்டுறாங்க?

ஒரு கப்பை ராத்திரி தண்ணில ஊற போடுங்க. காலைல பேப்பர் கூழாகி வரும், உள்பக்கம் மெல்லிசா கண்ணாடி மாதிரி ஒரு தோல் தனியா உரிஞ்சு வரும், அது பாலித்தீன். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல தடை பண்ண 14 பொருள்ல இந்த கப்பும் இருக்கு, ஆனா டீக்கடைல போய் சட்டம் பேசினா டீ ஆறிடும், கண்ணாடி கிளாஸ்ல குடுங்கண்ணேன்னு கேட்டு வாங்கிக்குங்க.

நான் முதல் வருஷம் பண்ண டப்பாவும் இதே கூத்துதான். பழுப்பு அட்டை, பச்சைல ஒரு இலை, சணல் கயிறு, பாக்க அப்படியே இயற்கை. ஜூரிக்கு, அதாவது எங்க வேலையைப் பாத்து மதிப்பிட, வந்த ஒருத்தர் ஓரத்தை லேசா கிழிச்சார், பளபளப்புக்காக நான் போட்டிருந்த லேமினேஷன் ஜவ்வு மாதிரி இழுத்துக்கிட்டு வந்துச்சு. "இலை படம் போட்டா மக்கிடுமாம்மா?"ன்னார், அவ்ளோதான், மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

சேலம் வாசகி: சோளத்துல செஞ்ச மக்குற கவர்னு குடுக்கிறாங்க. மாடித் தோட்டத் தொட்டில புதைச்சா உரமாகுமா?

அதுல எழுதியிருக்கிறதை படிங்கக்கா. பிஎல்ஏன்னு (சோள மாவுச்சத்துல இருந்து செய்ற ஒரு வகை பிளாஸ்டிக்) இருந்தா அது மக்க 60 டிகிரி கிட்ட சூடு, ஈரம் எல்லாம் விடாம இருக்கணும், அதெல்லாம் பெரிய உரக் கிடங்குல நடக்கும். உங்க தொட்டில போட்டா தக்காளி காய்ச்சு முடிஞ்ச பிறகும் கவர் அப்படியே கிடக்கும். பாக்குமட்டை தட்டு அப்படி இல்ல, மட்டையை நனைச்சு சூட்டுல அழுத்தறதோட சரி, பசை எதுவும் கிடையாது. துண்டு துண்டா ஒடிச்சுப் போடுங்க.

புதுக்கோட்டை வாசகி: போன ஊர்ல மறக்கவே முடியாதது எது?

உங்க பக்கத்துலதான், காரைக்குடி. கல்யாண வீட்டுல பலகாரம் வச்சுக் குடுக்கிற கொட்டானைப் பாக்கப் போயிருந்தேன், பனையோலைல சாயம் ஏத்தி முடையறது. ஒரு ஆச்சி வீட்டு அலமாரில பழைய கொட்டான் ஒன்னு இருந்துச்சு, திறந்தா உள்ள பட்டன், ஊசி, நூல்கண்டு, பழைய சாவி. அவங்க கல்யாணத்துக்கு வந்ததாம். நான் விலைக்கு கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க.