கடலில் மருந்து தேடும் படிப்பு: மரைன் பயாலஜியா, கெமிஸ்ட்ரியா?

வணக்கம் அம்மா. மூட்டுவலிக்குக் கடல் உயிரினங்களில் இருந்து மருந்து கண்டுபிடிக்கப் போகிறேன் என்று பிளஸ் டூ படிக்கும் மகள் அடம்பிடிக்கிறாள், மரைன் பயாலஜியில் சேர்க்கலாமா, வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஆசை நல்ல ஆசைதான், ஆனால் அதற்கான வாசல் மரைன் பயாலஜி இல்லை, கெமிஸ்ட்ரி. இல்லையென்றால் பி.பார்ம் என்ற மருந்தாக்கப் படிப்பு.

ஏன் என்று சொல்கிறேன். கடலடியில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு என்ற உயிரினத்தை எடுத்து வருவதும் அது என்ன இனம் என்று கண்டுபிடிப்பதும் இந்த வேலையில் சின்னப் பகுதிதான், மற்றதெல்லாம் லேபில். பஞ்சைத் துண்டு துண்டாக நறுக்கி மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை சிலிக்கா தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இறக்கி, சொட்டுச் சொட்டாக வருவதை டியூப் டியூபாகப் பிடித்து, எதில் சரக்கு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வீக்கத்தைக் குறைக்கிறதா என்று அறிய எலியின் பாதத்தில் காரஜீனன் என்ற பொருளை ஊசியால் ஏற்றி வீங்கவைத்து அளப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த காரஜீனனே கடற்பாசியில் இருந்து வருவதுதான்.

இதில் தோல்வியும் சகஜம், அதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பசிபிக்கில் பலாவ் தீவுப் பக்கம் கிடைத்த ஒரு கடற்பஞ்சில் இருந்து 1980இல் மனோஅலைடு என்ற பொருளைப் பிரித்தார்கள். நாம் போடும் வலிமாத்திரை ஐபுப்ரோஃபென், அழற்சி (வீக்கமும் வலியும்) உண்டாகும் பாதி வழியில்தான் குறுக்கே நிற்கும். மனோஅலைடோ அதற்கும் முந்தைய படியில், பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற என்சைமையே முடக்கியது. சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு மனிதர்களிடம் சோதிக்கும் வரை போனார்கள், ஆனால் தோலுக்குள் போதிய அளவு இறங்கவில்லை, கைவிட்டார்கள். ஆனாலும் அந்த என்சைமை ஆராய்கிறவர்களுக்கு அது பெரிய கருவியாக இருந்தது. பஹாமாஸ் பக்கத்துக் கடல்விசிறி வகைப் பவளத்தில் கிடைத்த சூடோப்டெரோசின் என்ற பொருள் மாத்திரையாகவில்லை, முகத்துக்குப் பூசும் கிரீமுக்குள் போனது. வென்ற கதையும் உண்டு. கூம்பு நத்தை என்ற கடல் நத்தையின் விஷத்தில் இருந்து வந்த சிகோனோடைடு, கடுமையான வலிக்குத் தண்டுவடத்தில் செலுத்தும் மருந்தாக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது அதை நத்தையிடம் எடுப்பதில்லை, லேபிலேயே செய்கிறார்கள், அங்கேயும் கெமிஸ்ட்ரிதான்.

நம் பக்கத்தில், கேரளாவில் கல்லுமக்காய் என்று சாப்பிடுகிற பச்சைச் சிப்பியில் இருந்தும் கடற்பாசியில் இருந்தும் மூட்டுவலிக்கு 'கடல்மின்' என்ற பெயரில் கேப்சூல் கொண்டுவந்தது கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். ஆனால் அது துணை உணவு என்ற வகை, டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்து இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் விளம்பரத்தைப் பார்த்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அப்புறம் ஏமாறுகிறார்கள்.

சரி, படிப்பு. பி.எஸ்சி கெமிஸ்ட்ரி, பிறகு எம்.எஸ்சி ஆர்கானிக் கெமிஸ்ட்ரி; அல்லது பி.பார்ம் முடித்து ஜிபேட், நைப்பர் நுழைவுத்தேர்வு எழுதி எம்.பார்ம். கடல் பக்கம் அப்புறம் போகலாம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, கோவாவில் தேசிய கடலியல் நிறுவனம் இருக்கிறது. ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் பி.எச்டி இல்லாமல் முடியாது, சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது வரை படிப்பு இழுக்கும். கல்யாணம் எப்போது என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நடுவில் மனசு மாறினாலும் பரவாயில்லை. கலவையைப் பிரித்து அதில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஹெச்பிஎல்சி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவிகளைக் கையாளத் தெரிந்த பிள்ளைக்கு மருந்துக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டில் இடம் உண்டு, வெறும் மரைன் பயாலஜி டிகிரியோடு போனால் அந்தக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்காது. அதனால் கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், லேபில் ஹெச்பிஎல்சி மெஷின் இருக்கிறதா, அதை மாணவர்கள் தொட விடுவார்களா என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள்.