ரசீதில் ஊமை, ரிசப்ஷனில் பேச்சு

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: சார், ஆறாவது படிக்கும் என் மகளுக்கு 'சைலன்ட் லெட்டர்' (எழுதுவோம், உச்சரிக்க மாட்டோம்) வார்த்தைகள் என்று நீளமாக ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். ஏ முதல் இசட் வரை வரிசையாக மனப்பாடம் பண்ண வேண்டுமாம். ராத்திரி கடகடவென்று ஒப்பிக்கிறாள், காலையில் டிக்டேஷனில் கோட்டை விடுகிறாள். வேறு வழி உண்டா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

ப: அந்த வரிசையை முதலில் கலைத்துப் போடுங்கள் அம்மா. நான் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழைத்தவன். அங்கே ஓயாமல் வரும் வேலை இரண்டு: ரசீது புத்தகம், கல்யாணப் பத்திரிகை. ரசீதுக்கு ஆங்கிலத்தில் 'ரிசீட்'. கடைக்காரர்கள் எழுதிக்கொண்டு வரும் துண்டுச் சீட்டில், கடைசி 'டி'க்கு முன்னால் இருக்க வேண்டிய 'பி' பாதி நேரம் இருக்காது. காதில் விழாத எழுத்தை யார்தான் எழுதுவார்கள்? அதே மனிதர்கள் மகள் கல்யாணத்துக்கு 'ரிசப்ஷன்' என்று எழுதும்போது ஒருவர்கூட 'பி'யை விட்டதில்லை. இரண்டும் ஒரே லத்தீன் வேரில் வந்த உறவுகள். பெற்றுக்கொள்வதுதான் மூலப் பொருள். ஒன்றில் ஊமையாக இருக்கும் எழுத்து இன்னொன்றில் வாய் திறக்கிறது.

ஆகவே பட்டியலில் இருக்கும் வார்த்தைக்கு, அந்த எழுத்தை வாய்விட்டுச் சொல்லும் உறவுக்காரனைத் தேடிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். 'சைன்', கையெழுத்துப் போடு. அதற்குள் பதுங்கியிருக்கும் 'ஜி', 'சிக்னேச்சர்' என்னும்போது கேட்கும். வேலையை விடுவது 'ரிசைன்', ராஜினாமா 'ரெசிக்னேஷன்'. 'மலைன்' என்றால் அவதூறு பேசு; டாக்டர் ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் 'மலிக்னன்ட்' அதன் உறவுதான்.

'டெட்' என்றால் கடன். 'டி'க்கு முன்னால் ஒரு 'பி' உண்டு (இது ஏ-பி-சியில் வரும் 'பி'; ரிசீட்டின் 'பி' வேறு). பாங்க் பாஸ்புக்கைத் திறந்து 'டெபிட்' என்ற இடத்தைக் காட்டுங்கள், குழந்தை மறக்க மாட்டாள். 'டவுட்' சந்தேகம், 'டியூபியஸ்' சந்தேகத்துக்கிடமான. இதில் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்த இரண்டும் ஆங்கிலத்துக்கு வந்தபோது நடுவில் 'பி' கிடையாது. லத்தீன் படித்த பண்டிதர்கள், மூலம் தெரியட்டும் என்று பிற்பாடு செருகினார்கள். ரிசீட்டின் 'பி'யும் அப்படிப் புகுந்ததுதான். பேனா கேட்டுக்கொண்டது, வாய் கேட்கவில்லை.

'எம்' பக்கத்தில் 'என்' வந்து முடியும் கூட்டம் ஒன்று உண்டு. 'காலம்', பத்திரிகையில் வரும் பத்தி. அதை எழுதுகிற அடியேன் 'காலம்னிஸ்ட்'. 'ஆட்டம்', இலையுதிர் காலம் (சென்னைக்கு அது ஏது, வார்த்தையாவது இருக்கட்டும்); அதன் உறவு 'ஆட்டம்னல்'. 'கண்டெம்' கண்டி, 'கண்டெம்னேஷன்' கண்டனம். 'சாலம்' என்றால் பயபக்தியான, முறைப்படியான. ஆங்கிலக் கல்யாணப் பத்திரிகைகளில் வரும் 'சாலம்னைஸ்', முறைப்படி நடத்தி வைப்பது.

எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைக்காது. ஏ-பி-சியின் 'பி'யில் முடிகிற 'க்ரம்', ரொட்டித் துகள்; அதற்கு 'க்ரம்பிள்', பொலபொலவென்று உதிர்வது, இருக்கிறது. ஆனால் 'லாம்' ஆட்டுக்குட்டி, 'காம்' சீப்பு, 'டூம்' கல்லறை, இந்த மூன்றையும் எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

கே: செஸ் வகுப்பில் குதிரை நகர்வைக் குறிக்க 'என்' போடச் சொல்கிறார்கள். குதிரைக்கு ஆங்கிலத்தில் 'நைட்'. ஸ்பெல்லிங் 'கே'யில்தானே ஆரம்பிக்கிறது?
- ஒரு மாணவன், முகப்பேர்

ப: தம்பி, 'கே'யை ராஜா எடுத்துக்கொண்டுவிட்டார். 'கிங்' முன்னால் குதிரை என்ன செய்யும்? காதில் விழும் 'என்' அதற்கு வந்தது. பழைய செஸ் புத்தகங்களில் 'கே-டி' என்று இரண்டெழுத்து போட்டிருப்பதையும் பார்க்கலாம்.

அந்தக் 'கே' ஒரு காலத்தில் பேசிக்கொண்டிருந்த எழுத்து. பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய 'க்னிஹ்ட்' என்பார்கள். பொருள் பையன், எடுபிடிப் பையன். அப்புறம்தான் அவன் பிரபுவிடம் சேவகம் செய்யும் குதிரை வீரன் ஆனான். 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டுக்கு வேட்டி கட்டிய குதிரையைச் சின்னமாக்கி 'தம்பி' என்று பெயர் வைத்தார்களே, தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, மூலப் பொருளுக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். 'நேவ்' என்று இன்னொரு 'கே-என்' வார்த்தை. அதுவும் முதலில் பையன்தான். 'நைட்' வீரன் ஆனான், 'நேவ்' போக்கிரி ஆனான்.

இந்தக் கூட்டத்தில் மற்றவை: 'நீ' முழங்கால், 'நாட்' முடிச்சு, 'நீட்' மாவு பிசை, 'நக்கிள்' விரல் முட்டி. ஜெர்மானியர்கள் முழங்காலை இன்றைக்கும் 'க்னீ' என்றே சொல்கிறார்கள். 'நோ', அறி என்பதன் 'கே' மட்டும் 'அக்னாலெட்ஜ்', அதாவது ஒப்புக்கொள் என்னும்போது எட்டிப் பார்க்கும்.

கே: உச்சரிக்காத எழுத்தை வெள்ளைக்காரன் ஏன் இன்னும் சுமக்கிறான்? நம்மைப் போலச் சீர்திருத்தம் செய்யத் தெரியாதா?
- ஒரு வாசகர், தி.நகர்

ப: செய்து பார்த்தார்கள் ஐயா. அமெரிக்காவில் அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் 'கலர்' என்பதில் 'யு'வை வெட்டினார், அங்கே அது நிலைத்தது. நாக்கைக் குறிக்கும் 'டங்'கை 'டி-யு-என்-ஜி' என்று எழுதச் சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் சங்கதி வேறு. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறியது எழுத்தின் உருவம். 'லை', 'னை'க்கு இருந்த தும்பிக்கை போன்ற வளைவு போயிற்று. எந்தச் சொல்லிலும் எழுத்து குறையவில்லை. 'அப்பா'வில் ஒரு ஓசை, 'அம்பு'வில் வேறு ஓசை என்று ஒரே 'ப'வை வைத்துக் காலம் தள்ளுகிற நாம் ரொம்பவும் பேச முடியாது.

கே: 'க்யூ' வந்தால் பக்கத்தில் 'யு' வந்தே தீருமா?
- ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

ப: தீராது. உங்கள் பேட்டையிலேயே 'புர்கா' இருக்கிறது, முகத்திரை 'நிகாப்' இருக்கிறது, 'கவ்வாலி' கேட்கிறது. அரபியின் 'காஃப்' என்ற எழுத்துக்காகப் போட்ட 'க்யூ' அது. கத்தாரின் முதல் எழுத்தும் இராக்கின் கடைசி எழுத்தும் இதே வகை. சீனர்கள் உயிர்ச்சக்தி என்னும் 'சீ'யைக் 'க்யூ-ஐ' என்று இரண்டே ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். எழுத்துகளை அடுக்கி வார்த்தை கட்டும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் 'க்யூ'வுக்கு 10 புள்ளி. 'யு' கிடைக்காமல் விழிக்கும்போது கையில் ஒரு 'ஐ' இருந்தால் போதும்.