யார் யாரோடு இருப்பது? பாடாங் செராய் வாசகர்களுக்குப் பதில்

1980 கணக்கெடுப்பில் மலேசியாவில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 5.2 பேர் இருந்தார்கள். 2020இல் அது 3.8. நம்ம பக்கம் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலியாகி, பெரியவர்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கும் பிள்ளைகள் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டை, பினாங்கு என்றும் போன பிறகு, யார் யாரோடு இருப்பது என்று இருபது வயதிலும் கேட்கிறார்கள், எழுபது வயதிலும் கேட்கிறார்கள். வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்திருக்கிறேன், பெயர்கள் இல்லாமல்.

வயது 61. தோட்ட வேலை முடிந்தது, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சுங்கை பட்டாணியில் இருக்கும் மகன், "இபிஎஃப் (சேமநிதி) காசைக் கொடுங்கள், பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டுகிறேன், அம்மாவோடு வந்துவிடுங்கள்" என்கிறான். கொடுக்கலாமா?

அண்ணே, மகனோடு போய் இருங்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. காசை மொத்தமாக எடுத்துவிட மட்டும் வேண்டாம். உங்கள் வயதுக்குத் தேவையானபோது தேவையானதை மட்டும் எடுக்கலாம், மீதி உள்ளேயே இருந்தால் 100 வயது வரை ஈவுத்தொகை வரும், அதனால் ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அடுத்தது, மகன் பெயரில் பேங்க் கடனோடு இருக்கும் வீட்டில் உங்கள் காசில் அறை கட்டினாலும் கிராண்டில் (நிலப் பட்டாவில்) உங்கள் பெயர் ஏறாது. சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: மகனுக்கு ஏதாவது ஆகி, உயிலும் இல்லையென்றால், 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி (நம்மைப் போல முஸ்லிம் அல்லாதவர்களுக்கு) மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். அந்தக் கால் பங்குக்காக மருமகளிடம் போய் நிற்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. நீங்கள் போடும் பணம் எவ்வளவு, அது கடனா, சும்மா கொடுத்ததா என்று வக்கீல் ஆபீசில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மகன் மேல் நம்பிக்கை இல்லாததால் இல்லை, பேசியது நாள்பட மறந்துபோகும் என்பதால்.

தோட்டத்து வீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன் காலி செய்யும் தேதியையும் உங்களுக்கு வர வேண்டிய பணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ஒன்று: இவ்வளவு நீளமான கடிதத்தில் அண்ணி என்ன விரும்புகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரைக் கேளுங்கள்.

வயது 26, பெண். பினாங்கு பாயான் லெப்பாஸில் 12 மணி நேர ஷிப்ட். ஃபேக்டரி பஸ்ஸிலேயே பாதி நாள் போகிறது. அங்கே அறை எடுக்கிறேன் என்றால் அப்பா, கல்யாணம் ஆகட்டும் என்கிறார்.

18 வயது முடிந்தால் சட்டப்படி நீ பெரியவள்தான் தங்கச்சி, ஆனால் அப்பாவிடம் சட்டம் பேசி ஒன்றும் ஆகாது. கூட வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து அறை பார், அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போய்க் காட்டு, வீட்டுக்குக் கொடுக்கும் மாதக் காசை நிறுத்தாதே. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நீ தள்ளாடுவதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்.

வயது 41, கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்கு 74, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீடு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது. அண்ணனும் இரண்டு அக்காவும் விற்கச் சொல்கிறார்கள்.

அப்பா உயில் எழுதவில்லை, அவருடைய பெற்றோரும் இல்லை என்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி நான்கு பிள்ளைகளுக்கும் சமம், அதாவது ஆளுக்கு ஆறில் ஒன்று. கல்யாணமாகிப் போன அக்காவுக்கும் அதே ஆறில் ஒன்று. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சட்டம் கூடுதலாக எதுவும் தருவதில்லை, எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. நீங்கள் அம்மாவுக்குச் செலவழித்த வருஷங்களை யாரும் கணக்கில் எழுதுவதில்லை தம்பி.

செய்ய வேண்டியது: இறப்புச் சான்றிதழையும் கிராண்டையும் எடுத்துக்கொண்டு கூலிம் நில அலுவலகத்தில் பங்கீட்டு மனு கொடுங்கள். விசாரணைக்கு எல்லா வாரிசுகளையும் கூப்பிடுவார்கள், பங்கை விட்டுக்கொடுக்க நினைப்பவர் அங்கேயே சொல்லலாம். அதற்கு முன்னால் அண்ணன் அக்காக்களை உட்காரவைத்து ஒன்றே ஒன்று பேசுங்கள்: அம்மா இருக்கும் வரை வீட்டை விற்பதில்லை, அவருடைய மருந்துச் செலவில் எல்லோருக்கும் பங்கு. வீட்டை விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் அம்மா எங்கே போவார் என்பதை அவர்கள் முதலில் சொல்லட்டும்.

வயது 33. மாமியாரோடு ஒரே அடுப்படி. தினமும் சண்டை. தனிக்குடித்தனம் போனால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் ஒரு மாதம் பேசும். அதே தாமானில் வாடகைக்கு வீடு கிடைத்தால் போங்கள், பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தாதீர்கள். இதை மாமியாரிடம் உங்கள் கணவர் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக்கூடாது.

வயது 70, கணவர் இல்லை, சர்க்கரை நோய் உண்டு. மூன்று பிள்ளைகளும் மாதம் ஒரு வீடு என்று என்னை வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். எனக்கு இஷ்டமில்லை.

இஷ்டமில்லை என்றால் போக வேண்டாம் அம்மா. பிள்ளைகள் பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் உங்கள் சர்க்கரைக்கான அட்டையும் அப்பாயிண்ட்மெண்டும் இங்கே உள்ள கிளினிக்கில் இருக்கும்போது மாதா மாதம் ஊர் மாறினால் மருந்து விட்டுப்போகும். மாத்திரை எது, எப்போது என்று புது வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று பேரும் முறைவைத்து உங்களிடம் வரட்டும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத பாய், படுக்கைக்குப் பக்கத்தில் கைப்பேசி, இந்த மூன்றையும் முதலில் வருகிறவர் செய்து கொடுக்கட்டும். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் ஒரு சாவி இருக்கட்டும்.