சிங்கப்பூரிலிருந்து பெட்டி வரவழைக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் என் மூத்தார் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தபோது, அவர் மகன் வைத்திருந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுப் பெட்டியில் சூப்பர் மரியோ ஒடிஸி விளையாடிப் பழகிவிட்டு, அதுபோல ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். குறுவை நெல் விற்ற பணம் வந்ததும் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். மூத்தாரிடமே சொல்லி அங்கிருந்து வாங்கிவரச் செய்யலாமா, இங்கே வாங்குவதே நல்லதா? வீட்டில் மகனின் கல்லூரி மடிக்கணினி ஒன்றும் இருக்கிறது.
— மன்னார்குடி வாசகி

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த மடிக்கணினியிலிருந்து தொடங்குவோம். உங்கள் மகளுக்கு வேண்டியது ஸ்விட்ச் பெட்டிதானா, அல்லது அந்த வகை விளையாட்டா என்பதைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும்.

மரியோ ஒடிஸி 2017 அக்டோபர் 27 அன்று வெளியானது. அதில் ஒரே பாதையில் ஓடி எல்லையைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. பரந்த நிலப்பகுதிகளில் இஷ்டம்போல் திரிந்து, தாவி ஏறி, ஒளித்து வைத்திருக்கும் நிலாக்களைத் தேடிச் சேர்க்கலாம். தொப்பியை எறிந்து தவளையாகவோ வேறொன்றாகவோ மாறலாம் என்பதில்தான் குழந்தைகள் சொக்கிப் போகிறார்கள். ஒருவர் மரியோவையும் இன்னொருவர் தொப்பியையும் இயக்கி இருவராகவும் ஆடலாம். அருமையான விளையாட்டு என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அது நின்டெண்டோ பெட்டிகளில் மட்டுமே ஓடும். அந்த நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பனை நடத்துவதில்லை. இங்குள்ள கடைகளில் இருப்பவை இறக்குமதியாளர்கள் கொண்டுவந்தவை. ஆகவே உத்தரவாதம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அந்தக் கடையின் உத்தரவாதமே. மூத்தார் வாங்கிவந்தாலும், பழுதென்றால் பெட்டி மறுபடியும் சிங்கப்பூர் விமானம் ஏற வேண்டியிருக்கும். மின்னழுத்தம் ஒரு சிக்கல் அல்ல, சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அந்த ஊர்ச் சதுர முள் நம் சுவரில் நுழையாது என்பதால் மாற்றுச் செருகி ஒன்று வாங்கினால் போதும். பெட்டியில் செருகும் விளையாட்டு அட்டைகளின் விலையோ ஆண்டுகள் போனாலும் எளிதில் இறங்குவதில்லை.

இதே குணமுள்ள, கணினியில் ஓடும் இரண்டு விளையாட்டுகளைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, 2022 டிசம்பரில் வந்த லில் கேட்டர் கேம். கல்லூரியிலிருந்து ஊருக்கு வந்த அக்கா மடிக்கணினியை விட்டு எழுந்திருக்க மறுப்பதால், அவளைப் பழையபடி விளையாட இழுக்க ஒரு முதலைக் குட்டி தன் நண்பர்களைத் திரட்டுகிறது, இதுதான் கதை. (உங்கள் வீட்டில் இது யாரையாவது நினைவூட்டினால் நான் பொறுப்பல்ல.) அதில் வரும் பூதங்கள் எல்லாம் பசங்கள் வெட்டி நிறுத்திய அட்டைப் பொம்மைகள். குட்டிக்கு அடிபடாது, தோற்று முதலிலிருந்து தொடங்கும் தொல்லையும் கிடையாது. மேட்டிலிருந்து கேடயத்தின்மேல் உட்கார்ந்து சறுக்கி வரும் இடத்தைப் பார்த்தபோது, ஆற்றங்கரைச் சரிவில் தென்னை மட்டையில் உட்கார்ந்து சறுக்கியதும், கால்சட்டையின் பின்புறம் கிழிந்து வீடு திரும்பியதும் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாவது, 2019இல் வந்த எ ஷார்ட் ஹைக். ஒரு சிறு பறவை, செல்பேசிக்கு சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறுகிறது. வழியில் சேர்க்கும் தங்க இறகுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும் வலு கூடுகிறது. படங்கள் வேண்டுமென்றே கட்டம் கட்டமாக வரையப்பட்டவை என்பதால் சுமாரான கணினிக்கும் இது பெரிய பாரமாக இராது.

இரண்டும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரூபாய் விலைக்கே கிடைக்கின்றன. யுபிஐ வழியாகவும் பணம் செலுத்தலாம். வாங்குமுன் விளையாட்டின் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தேவைகளை, மடிக்கணினியின் ரேம், கிராபிக்ஸ் விவரங்களோடு மகனை விட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். அப்படியும் ஓடாவிட்டால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக மட்டுமே ஆடியிருந்தால், ஸ்டீமில் விண்ணப்பித்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் முதல் நாளே கணினியைத் திறந்தபடி விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்; விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும் நேரமும் கணக்கில் சேரும். எ ஷார்ட் ஹைக்கின் உச்சியை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொட்டுவிடலாம் என்பதால், முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்போரும் உண்டு. அது எனக்கு உவப்பானதல்ல.

விசைப்பலகையில் ஆடினால் பிள்ளை விரைவில் சலித்துக்கொள்வாள். யுஎஸ்பி கம்பி கொண்ட கேம்பேட் (கையில் பிடித்து ஆடும் பொத்தான் கருவி) ஒன்று அவசியம். உறையில் எக்ஸ்பாக்ஸ் வகைக்குப் பொருந்தும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே உறையில் அதிகபட்ச விலையும், இறக்குமதியானால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். இரண்டிலும் பேச்செல்லாம் எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் வரும். நகைச்சுவை பாதி அந்த வரிகளில்தான் இருக்கிறது. உங்கள் மகள் ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறி வாசிப்பவளானால், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: திருச்சி சென்றிருந்தபோது ஒரு கடையில், கணினி விளையாட்டு ஒன்றைப் பெற ஸ்டீமில் உள்ளிட வேண்டிய குறியீட்டை அச்சிட்ட சீட்டாக வாங்கினேன். வீட்டில் உள்ளிட்டால் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வருகிறது. ரசீதில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார்.
— மயிலாடுதுறை வாசகர்

பதில்: வெளியே வாங்கிய குறியீட்டுக்கு ஸ்டீம் பணம் தராது, உங்கள் வழக்கு கடையோடுதான். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடவடிக்கையாகவே வகைப்படுத்துகிறது. ரசீதில் அச்சடித்த ஒரு வரியைக் காட்டி அதிலிருந்து நழுவ முடியாது. திரையில் வரும் செய்தியைப் படம் பிடித்து, சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் திருச்சிக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: ஆன்லைன் விளையாட்டுகளை அரசு தடை செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பேரனுக்குக் கணினி விளையாட்டுகளை வாங்கித் தந்தால் வம்பு வருமா?
— திருவையாறு வாசகர்

பதில்: வராது, ஐயா. 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை. மேலே நான் பரிந்துரைத்தவை ஒருமுறை விலை கொடுத்து வாங்குபவை. பந்தயம் எதுவும் இல்லை. இறக்கிக்கொண்ட பிறகு இணையம் இல்லாமலும் ஆடலாம் என்பதால், ஐப்பசி மழையில் இணைப்பு அறுந்தாலும் மடிக்கணினியில் பேட்டரி இருக்கும்வரை பேரன் உங்களை நச்சரிக்க மாட்டான்.